தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் கழித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு நண்பர்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடிப் பேசத் தொடங்கினோம். அறம் என்று ஒருவர் ஆரம்பிப்பார், அறிவு என்று இன்னொருவர் இழுப்பார், ‘நான் என்பது யார்’ என்று மூன்றாமவர் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வழியில் புறப்பட்டாலும் பேச்சு வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறானே, அது எப்படி? அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என்னால் முடிந்த பதில்களும் கீழே.

தன்னை ஏமாற்றிக்கொள்வது என்று எதைச் சொல்கிறீர்கள்?

என் கதையையே சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து இனிப்பைத் தொடமாட்டேன். காலையில் நடப்பேன். இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு அடங்கி வரும். அந்தத் தாளைப் பார்த்து, ‘பரவாயில்லை, கட்டுக்குள்தான் இருக்கிறது’ என்று பெருமூச்சு விடுவேன். மூன்று நாள் நடிப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அப்படியானால் அந்தப் பெருமூச்சும் நடிப்பா? இல்லை. அது கலப்படமில்லாத நிம்மதி. இரண்டும் ஒரே ஆளுக்குள், ஒரே நேரத்தில் இருந்தன.

இதை அறியாமை என்று சொல்லமுடியாது. நோய் இருப்பதே தெரியாதவன் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை, அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பொய் என்றும் சொல்லமுடியாது, ஏனென்றால் மருத்துவரை ஏமாற்றுவது மட்டும் நோக்கமாக இருந்தால் எனக்கு அந்த நிம்மதி வந்திருக்காது. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஆசையும் அன்று, ஆசைப்படுபவன் ஆதாரத்தைத் திருத்துவதில்லை. நான் திருத்தினேன்.

ஏமாற்றுபவனும் ஏமாறுபவனும் ஒருவனே என்றால் ஏமாற்று எப்படிப் பலிக்கும்?

உங்களை நான் ஏமாற்ற வேண்டுமானால் எனக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாமலிருக்க வேண்டும். அந்த ‘உங்கள்’ இடத்தில் என்னையே வைத்தால் ஒரே செய்தி எனக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டியதாகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஏமாற்றுகிறவன் திட்டம் போட வேண்டும். திட்டம் போட்டவனுக்குத் திட்டம் தெரியும். தெரிந்த திட்டத்தில் எவன் விழுவான்? வலது கை ஒளித்து வைத்ததை இடது கை தேடுவது குழந்தை விளையாட்டில்கூட எடுபடாது.

ஒரு விடை, மனத்தை அறைகளாகப் பிரிப்பது. ஃப்ராய்டு ஒரு விதமாகப் பிரித்தார், அமெரிக்கத் தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன் வேறு விதமாகப் பிரித்தார். ஓர் அறையில் உண்மை, மறு அறையில் ஆறுதல், நடுவில் சுவர். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர் சார்த்ர் 1943-இல் ஃப்ராய்டின் ஏற்பாட்டை நோக்கி ஒரு குறும்பான கேள்வி கேட்டார்: சுவரோரம் காவலுக்கு ஒருவன் நிற்கிறானே, எதை உள்ளே விடக் கூடாது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் மறைக்க முடியும். ஆக, சிக்கல் தீரவில்லை, காவல்காரனின் தலைக்கு மாறிவிட்டது.

ஆல்ஃபிரட் மேலி என்ற தத்துவவாதி சொல்லும் விடை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளத் திட்டமே தேவையில்லை என்கிறார் அவர். பிடித்த ஆதாரத்தைப் பெரிதாகப் பார்க்கிறோம், பிடிக்காததைச் சீக்கிரம் கடந்துபோகிறோம், கேட்கவேண்டிய கேள்வியை நாளைக்கு வைத்துக்கொள்கிறோம். இந்தச் சின்னச் சின்னச் சாய்வுகள் சேர்ந்தால் போதும், பொய்யன் ஒருவனும் உள்ளே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. தணிக்கையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். கையாடல் செய்யும் காசாளரில் பாதிப் பேர் திட்டமிட்டுத் தொடங்கியவர்கள் அல்லர். ‘சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம்’ என்று நூறு ரூபாய் எடுத்தவர்கள். அன்றிலிருந்து அவர்கள் செய்த ஒரே காரியம், கையிருப்பை எண்ணிப் பார்க்காமல் இருந்ததுதான்.

நான் போய் நிற்கும் இடமும் அதுவே. தன்னை ஏமாற்றிக்கொள்பவன் உண்மையைக் கண்டு மறைப்பவன் என்பதைவிட, எங்கே பார்த்தால் உண்மை கிடைக்கும் என்று தெரிந்து அந்தப் பக்கம் திரும்பாதவன். என்ன இருக்கிறது என்று தெரியவேண்டியதில்லை, எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். சார்த்ரின் காவல்காரனுக்கும் அவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டா?

உண்டு. 1984-இல் குவாட்ரோன், ட்வர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களின் கையைப் பனிபோல் குளிர்ந்த நீரில் முக்கச் சொன்னார்கள். தாங்கும்வரை தாங்கலாம். பிறகு உடற்பயிற்சி. பிறகு மறுபடி நீர். இடையில் ஒரு கதை விட்டார்கள். இதயத்தில் இரண்டு வகை உண்டு, ஒரு வகைக்காரருக்கு ஆயுள் கெட்டி என்றார்கள். நல்ல இதயம் உள்ளவர் பயிற்சிக்குப் பின் அதிக நேரம் தாங்குவார் என்று ஒரு குழுவிடம் சொன்னார்கள், குறைந்த நேரமே தாங்குவார் என்று மறு குழுவிடம் சொன்னார்கள். முதல் குழு அதிக நேரம் தாங்கியது, இரண்டாம் குழு சீக்கிரம் கையை எடுத்தது. ‘வேண்டுமென்றே செய்தீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். இல்லை என்றவர்களில் பலர், தங்களுக்கு நல்ல இதயம்தான் என்றும் நம்பினார்கள்.

குளிர்ந்த நீரில் கையை எத்தனை நேரம் வைத்தாலும் இதயத்தின் வகை மாறப்போவதில்லை. மூன்று நாள் இனிப்பை நிறுத்தினால் என் நோய் மாறப்போவதில்லை. இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

வள்ளுவர் ‘தன்னெஞ்சே தன்னைச் சுடும்’ என்கிறாரே? சுடும் நெஞ்சை எப்படி ஏமாற்ற முடியும்?

எங்கள் ஞாயிறு வட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி இது. ‘தன்னெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்னெஞ்சே தன்னைச் சுடும்’ என்பது 293-ஆவது குறள். பரிமேலழகர் இங்கே நெஞ்சைக் ‘கரி’ என்கிறார். கரி என்றால் சாட்சி. பிறர் அறியவில்லை என்று பொய் சொல்லலாம், ஆனால் நடந்ததை அறிந்த சாட்சி ஒன்று உள்ளேயே இருக்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் மனசாட்சி என்ற சொல்லிலும் அந்தச் சாட்சிதான் உட்கார்ந்திருக்கிறது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கத்தைக் கண்டு ‘பூதங்கள் ஐந்தும் அகத்தே நகும்’ (271). ஊரே அவனை முனிவன் என்று கும்பிடும்போது அவன் உடம்பில் உள்ள மண்ணும் நீரும் தீயும் காற்றும் வெளியும் உள்ளுக்குள் சிரிக்கின்றனவாம். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் நடைமுறையில் பலருக்குச் சுடவே இல்லையே என்பதுதான் நண்பர்களின் மறுப்பு. லஞ்சம் வாங்கியவர் நன்றாகத் தூங்குகிறார், வாங்காதவர் தூக்கமில்லாமல் புரள்கிறார்.

குறளின் முதல் சொற்களைக் கவனிக்க வேண்டும் என்பேன். ‘தன்னெஞ்சு அறிவது’ என்கிறார். நெஞ்சு அறிந்ததைப் பொய்த்தால் சுடும். நெஞ்சு அறியாமலே பார்த்துக்கொண்டால்? அங்கேதான் தன்னை ஏமாற்றிக்கொள்பவனின் கெட்டிக்காரத்தனம். அவன் சாட்சியை மிரட்டுவதில்லை. சம்பவம் நடந்த இடத்துக்கே சாட்சியை வரவிடாமல் செய்துவிடுகிறான். ‘கவரில் எவ்வளவு இருந்தது என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை’ என்று ஒருவர் என்னிடம் உண்மையாகவே பெருமைப்பட்டார். எண்ணாததால் அது லஞ்சம் இல்லையாம், அன்பளிப்பாம்.

என் மனத்தை என்னைவிட யார் அறிவார்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய மரபு இருக்கிறது. 1641-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட் எல்லாவற்றையும் சந்தேகித்துப் பார்த்துவிட்டு, சந்தேகிக்கிற நான் இருக்கிறேன் என்பதை மட்டும் சந்தேகிக்க முடியாது என்றார். அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் ‘இருக்கிறேன்’ என்பதற்கும் ‘ஏன் இப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியும்’ என்பதற்கும் நெடுந்தூரம். நூறு ஆண்டு கழித்து, 1739-இல், ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் தனக்குள் தேடிப் பார்த்தேன், சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்று ஏதோ ஒரு உணர்வு அகப்படுகிறதே தவிர அவற்றுக்கெல்லாம் சொந்தக்காரன் அகப்படவில்லை என்றார். பௌத்தர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. சக்கரம், அச்சு, நுகம் என்று ஒவ்வொன்றாகச் சுட்டி ‘இதுவா தேர்?’ என்று மிலிந்த மன்னனை மடக்கிய பௌத்தத் துறவி நாகசேனர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த வழியில் போய்விட்டார்.

தத்துவத்தை விடுங்கள், கடைத்தெருவுக்கு வாருங்கள். அமெரிக்காவில் நிஸ்பெட், வில்சன் இருவரும் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததைத்தான் மிக அதிகமானவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்றால் நெசவு, மென்மை என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். நான்கும் ஒரே சரக்கு. இருந்த இடம்தான் காரணமோ என்று கேட்டபோது, கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம்.

2005-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னும் துணிந்தார்கள். இரண்டு முகப் படங்களைக் காட்டி யார் அழகு என்று கேட்பது, பிறகு கைத்தந்திரத்தால் படத்தை மாற்றி, தேர்ந்தெடுக்காத படத்தைக் கையில் கொடுத்து ‘ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று கேட்பது. பெரும்பாலான தடவைகளில் மாற்றம் பிடிபடவே இல்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்கு, அந்த முகத்தில் மட்டுமே இருந்த காதணியைக் காரணமாகச் சொன்னவர்களும் உண்டு.

இவற்றையெல்லாம் மிஞ்சியது மூளை ஆய்வாளர் கசானிகா 1970-களில் பார்த்த ஒரு நோயாளியின் கதை. வலிப்புக்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையைத் துண்டித்திருந்தார்கள். பேசும் இடது பாதிக்குக் கோழிக் கால் படம் காட்டப்பட்டது, பேசாத வலது பாதிக்குப் பனி மூடிய வீட்டின் படம். பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது ஒரு கை கோழியை எடுத்தது, மறு கை பனி அள்ளும் மண்வாரியை எடுத்தது. மண்வாரி எதற்கு என்று கேட்டார்கள். பனியைப் பற்றி ஒன்றுமே அறியாத பேசும் பாதி தயங்கவே இல்லை. கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றது!

தணிக்கையாளன் கண்ணில் இது ஒரு பழகிய காட்சி. வவுச்சர் இல்லாத செலவுக்கு மேலாளர் சொல்லும் விளக்கம் எப்போதும் சரளமாக இருக்கும். உள்ளே இருப்பவர் நேரில் கண்டதைச் சொல்லும் சாட்சி என்று நினைத்திருந்தோம். பல நேரங்களில் அவர், நடந்து முடிந்ததற்கு அறிக்கை எழுதும் மக்கள் தொடர்பு அதிகாரி.

உண்மையாகவே நம்பித்தான் செய்தேன் என்றால் என்மேல் குற்றம் உண்டா?

இந்தக் கேள்விக்கு மழுப்பாத பதில் சொன்னவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட். 1877-இல் ஒரு கப்பல் முதலாளியின் கதையைச் சொன்னார். பழைய கப்பல். புலம்பெயரும் குடும்பங்கள் ஏறக் காத்திருக்கின்றன. பழுது பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், செலவாகும். முதலாளி தன் சந்தேகத்தோடு மல்லுக்கட்டுகிறார். இத்தனை பயணம் போய் வந்த கப்பல் இதுவும் போய் வரும். இத்தனை ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிடுவாரா? கட்டியவர்களின் நேர்மையைச் சந்தேகிப்பது பெருந்தன்மையா? மெல்ல மெல்லச் சந்தேகம் அடங்குகிறது. நிறைந்த மனத்தோடு கப்பலை வழியனுப்புகிறார். நடுக்கடலில் அது மூழ்குகிறது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார். கிளிஃபர்டின் தீர்ப்பு: கொலைப்பழி அவர்மேல்தான், ஏனென்றால் அந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு அப்படி நம்ப அவருக்கு உரிமையில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் பலரை உறுத்துகிறது. கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தாலும் குற்றம் அதேதான், யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவே. (கிளிஃபர்டே 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போனபோது சிசிலிக் கரையோரம் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். கடல் அவருக்கு வெறும் உவமை இல்லை.)

இது ஏதோ வகுப்பறைக் கதை என்று நினைப்பவர்களுக்கு 1986 ஜனவரி 27 இரவை நினைவூட்டுவேன். மறுநாள் சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். கடுங்குளிர் வரும் என்று வானிலை அறிவிப்பு. ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று, ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடினார்கள். நாசா தரப்புக்கு அது ரசிக்கவில்லை. கூட்டம் சற்று நேரம் நின்றது. அந்த இடைவெளியில் நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் பொறியியல் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள் என்றார். தொப்பி மாறியது, பரிந்துரையும் மாறியது. மறுநாள் கிளம்பிய 73 விநாடிகளில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்தக் குழுவின் அறிக்கைக்கான தன் பின்னிணைப்பில் எழுதிய கணக்கு என்னால் மறக்க முடியாதது. விண்கலம் இழக்கப்படும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றார்கள் வேலைசெய்யும் பொறியாளர்கள், லட்சத்தில் ஒன்று என்றது நிர்வாகம். ஒரே இயந்திரம், ஒரே தரவு. நிர்வாகிகள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. முந்தைய பயணங்களிலும் அந்த வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன, ஆனாலும் கலம் திரும்பி வந்தது, ஆகவே அரிப்பு பழகிப்போனது. ‘இத்தனை பயணம் போய் வந்த கப்பல்’ என்ற கிளிஃபர்டின் வரியையே அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

கிளிஃபர்ட் ஒரேயடியாகக் கறாராக இருக்கிறார் என்பதும் உண்மைதான். எதற்கும் முழு ஆதாரம் கிடைக்கும்வரை நம்பாதே என்றால் கல்யாணமும் செய்துகொள்ள முடியாது, கடனும் கொடுக்க முடியாது. 1896-இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் இதைத்தான் எடுத்துக்காட்டினார்: சில இடங்களில் முதலில் நம்பினால்தான் ஆதாரமே பிறக்கும், நட்பைப்போல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜேம்ஸ் தந்த அனுமதி தன் தலையைப் பணயம் வைப்பவனுக்கு. கப்பலில் ஏறியிருப்பது வேறு யாரோ என்றால் அது செல்லாது.

எல்லாப் பொய்யும் தவறா?

நான் அப்படிச் சொல்லமாட்டேன். கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி காண்ட். மகா அறிஞர், ஆனால் அந்தக் கதவை நான் அவரை நம்பித் திறந்துவிட மாட்டேன். வள்ளுவர் ‘பொய்மையும் வாய்மை இடத்த’ (292) என்று வழிவிடுகிறார்.

ஆனால் வழிவிட்டதைப் பார்த்ததும் எல்லோரும் வண்டியை உள்ளே விட்டுவிடுகிறோம். ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்று தொடங்கி, மாப்பிள்ளையின் கடனை மறைப்பதுவரை அந்தக் குறளைச் சாட்சிக்கு இழுக்கிறோம். குறள் முழுவதையும் சொல்வதில்லை. ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்று ஒரு பூட்டு இருக்கிறது. புரை என்றால் குற்றம். குற்றம் சிறிதும் கலவாத நன்மை. அந்த நன்மை யாருக்கு என்று கேட்டாலே முக்கால்வாசிப் பொய்கள் உதிர்ந்துவிடும்.

தருமனைப் பாருங்கள். ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று துரோணர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, ‘யானை’ என்பதைத் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டான். யாருக்காக அந்த முணுமுணுப்பு? துரோணருக்குக் கேட்கக் கூடாது, அதுதான் திட்டம். கேட்கவேண்டிய ஒரே காது தருமனுடைய காதுதான். அதுவரை நிலத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவன் தேர் அப்போது தரையில் இறங்கியது என்கிறது பாரதம். வெறும் பொய்யைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவன்மேல் மதிப்பு கூடியிருக்கும்.

தன்னம்பிக்கைக்காகக் கொஞ்சம் ஏமாற்றிக்கொள்வது நல்லதுதானே?

1988-இல் டெய்லர், பிரவுன் என்ற உளவியலாளர்கள் அப்படித்தான் வாதிட்டார்கள்: தன்னைப் பற்றிச் சற்றுக் கூட்டி மதிப்பிடுவது மனநலத்தோடு சேர்ந்தே காணப்படுகிறது. அதை மறுத்தவர்களும் பலர். பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1976-லேயே இன்னொரு காரணம் சொன்னார். பிறரை நன்றாக ஏமாற்ற வேண்டுமானால் முதலில் தன்னை ஏமாற்றிக்கொள்வது நல்லது, அப்போதுதான் முகத்தில் பொய் தெரியாது. தேர்தல் மேடைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவைப்படாது.

என் எண்ணம், பந்தயத்தில் ஓடுகிறவனுக்குக் கொஞ்சம் மிகை நல்லது. வண்டி ஓட்டுகிறவனுக்குக் கெடுதல். 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர், பாதிப் பேரைவிடத் தாங்கள் திறமையாக ஓட்டுவதாகச் சொன்னார்கள்.

மனசாட்சிப்படி நடந்தால் போதாதா?

போதாது. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் வைத்தியநாத ஐயர், அதுவரை தடுக்கப்பட்டிருந்தவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். எதிர்த்தவர்களில் பலர் தங்கள் மனசாட்சிப்படிதான் எதிர்த்தார்கள். கோயிலின் புனிதம் கெட்டுவிட்டதாக உண்மையிலேயே துடித்திருப்பார்கள். அவர்கள் நெஞ்சு அவர்களைச் சுடவில்லை, எதிரே நின்றவர்களைச் சுட்டது. சிறு வயதிலிருந்து எதைச் சொல்லிப் பழக்கினார்களோ அதைத்தான் சாட்சி திருப்பிச் சொல்லும். எங்கள் வட்டத்தில் ஒரு நண்பர், தன் பாட்டி வீட்டுத் திண்ணையில் வேலைக்காரருக்குத் தனிக் குவளை இருந்ததைச் சொல்லி, ‘பாட்டியைவிட இரக்கமுள்ள மனுஷியை நான் பார்த்ததில்லை’ என்றார். இரண்டும் உண்மை என்பதுதான் கலவரப்படுத்துகிறது.

அப்படியானால் தன்னை அறிவதற்கு வழி என்ன?

கண்ணை மூடி உள்ளே பார்த்தால் போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. உள்ளே பார்க்கும் கண்ணும் அதே ஆசாமியின் கண்தானே. சாக்ரடீஸ் சொன்னதாக பிளேட்டோ எழுதுவது இது: தன்னால் தான் ஏமாறுவதைவிட மோசம் வேறில்லை, ஏமாற்றுக்காரன் ஒரு கணமும் விலகாமல் கூடவே இருக்கிறான். கூடவே இருப்பவனிடம் போய் விசாரித்தால் என்ன கிடைக்கும்? எந்தத் தணிக்கையாளனும் தான் எழுதிய பேரேட்டைத் தானே தணிக்கை செய்து கையெழுத்துப் போடக் கூடாது.

ஆகவே வெளியிலிருந்து ஏதாவது வேண்டும். டார்வின் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தன் கருத்துக்கு எதிரான தகவல் கண்ணில் பட்டால் உடனே குறித்துக்கொள்வார். சாதகமானவற்றைவிட அவை சீக்கிரம் மறந்துவிடுகின்றன என்று அனுபவத்தில் கண்டிருந்தார். வள்ளுவர் சொல்லும் வழி, ஏதிலார் குற்றத்தைப் பார்ப்பதுபோலத் தன் குற்றத்தைப் பார்ப்பது (190). ஏதிலார் என்றால் அயலார். நான் செய்த அதே காரியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் செய்திருந்தால் மாலையில் தெருமுனையில் அதை எப்படிப் பேசியிருப்பேன்? இந்த ஒரு பயிற்சி என்னைப் பலமுறை திடுக்கிட வைத்திருக்கிறது. அந்தக் குறள் புறங்கூறாமை அதிகாரத்தில் இருப்பதும் அழகு. வம்பு பேசும் திறமையையே தன்மேல் திருப்பிவிடச் சொல்கிறார்.

மூன்றாவது, இடித்துச் சொல்ல ஆள். ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் (447). மன்னனுக்குச் சொன்னதை நட்பிலும் சொல்கிறார், நட்பு சிரித்து மகிழ மட்டும் இல்லை, எல்லை மீறும்போது முன்சென்று இடிப்பதற்கு (784). நம்மில் பலர் இடிப்பாரை ஒவ்வொருவராக விலக்கிவிட்டு, ‘என்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் ஒருவர் தன்னை ஏமாற்றிக்கொள்வது தெரிகிறது. சொல்லலாமா?

தூங்குபவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்பார்கள். நான் கண்டவரை, நடிப்பவருக்குப் பாதித் தூக்கம் உண்மை. உரக்கக் கூப்பிட்டால் இன்னும் இறுக்கிக் கண்ணை மூடிக்கொள்வார். குடியை மறைக்கும் மகனிடம் ‘குடிக்கிறாய்’ என்றால் வாக்குவாதம், ‘இந்த மாதம் எத்தனை நாள்?’ என்று எண்ணிக்கை கேட்டால் சில நேரம் மௌனம். மௌனம் வந்தால் நல்ல குறி, அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். இன்னொன்று, அவர் ஏமாற்றிக்கொள்வது யாரையும் கெடுக்கவில்லை என்றால் சொல்ல உங்களுக்கு என்ன அவசரம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில் தனக்கு நல்ல குரல் என்று நம்பிப் பாடும் மாமாவைத் திருத்துவதற்கு எந்த அறமும் கட்டளையிடவில்லை.

இவ்வளவு எழுதியவர் திருந்திவிட்டாரா?

சென்ற ஆண்டு புதிய மருத்துவர் ஒருவர் வெறும் வயிற்றுத் தாளைப் பார்க்காமலே தள்ளிவைத்துவிட்டு ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்து வரச் சொன்னார். ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அந்த நாள்களில் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே அது இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டும், மூன்று நாள் நடிப்பு அதனிடம் எடுபடாது. 8.6 வந்தது. என் ரத்தமே எனக்கு எதிராக வவுச்சர் சேர்த்து வைத்திருந்தது! அதன் பிறகு நடக்கிறேன், கடைசியாக எடுத்தபோது 7.4. அடுத்தது இந்த மாதம் எடுக்க வேண்டும். தீபாவளி முடிந்து ஒரு மாதம் போகட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன். ஏன் என்று என் மனைவி கேட்டாள். ஆய்வகத்தில் கூட்டமாக இருக்கும் என்றேன்.